பீடித் தொழிலும் 'சுதந்திர ஒப்பந்தகாரர்' என்னும் கருத்தாக்கமும்

உழைப்பவரை ஊழியர் என அழைப்பதா, சுதந்திர ஒப்பந்தகாரர் என அழைப்பதா என்னும் வினா வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. வேலை நேரம், சம்பளத்துடன் கூடிய விடுமுறை, பிரசவகால உதவி, சேமலாப நிதி ஆகிய யாவும் அச்சொல்லையே பற்றி நிற்பன. பெயர் மாறுமிடத்து முதலாளியின் கடப்பாடு மறைகிறது. உழைப்பின் பயனோ முன்போலவே அவரைச் சென்றடைகிறது. இம்முரண்பாட்டை இந்தியப் பீடித் தொழிலின் வரலாற்றினூடாக நோக்க முற்படுகின்றோம்.

பீடி சுற்றுதற்குப் பெரும் பொறிகள் வேண்டா. கத்தரிக்கோலும் முறமும் பழகிய விரல்களும் போதும். இலை, புகையிலைத்தூள், நூல் என்பன முதலாளியிடமிருந்து வருகின்றன. சுற்றிய பீடி அவரிடமே திரும்பி, அவரது அடையாளச் சீட்டுடன் சந்தைக்குச் செல்கிறது. எனவே தொழிலாளரை ஒரே கூரையின்கீழ்த் திரட்டவேண்டிய தேவை மூலதனத்துக்கு இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தொழிற்சாலைக்குள் இருப்போரையே பாதுகாத்தது. வேலையை இடைத்தரகர் மூலம் வீடுகளுக்குப் பகிர்ந்தளிப்பது அச்சட்டத்தினின்றும் தப்பும் வழியாயிற்று.

நீதிமன்றங்கள் இவ்விடயத்தில் ஒரே குரலிற் பேசவில்லை. கட்ச் பகுதி உப்பளத் தொழிலாளர் அளவுக் கூலி பெற்றனர். தமக்கு உதவியாட்களையும் அமர்த்திக்கொண்டனர். எனினும் அவர்கள் தொழிலாளரே என 1956இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலை செய்யும் முறையைக் கட்டுப்படுத்தும் உரிமை எவரிடம் உள்ளது என்பதே அங்கு அளவுகோலாயிற்று. ஆயின் 1958இல், பீடி சுற்றுவித்துக் கொடுத்த 'சட்டேதார்' எனப்படும் இடைத்தரகர் சுதந்திர ஒப்பந்தகாரர் எனவும், தொழிற்சாலைச் சட்டத்தின்படி தொழிலாளர் அல்லர் எனவும் அதே நீதிமன்றம் கூறிற்று. 1961இல், விரும்பியபோது வந்து விரும்பியபோது செல்லக்கூடிய பீடித் தொழிலாளி ஒருவரும் அச்சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவரல்லர் எனப் பெரும்பான்மை நீதியரசர் முடிவுசெய்தனர். நீதியரசர் சுப்பா ராவ் மாறுபட்டார். விரும்பியபோது எழுந்து செல்லலாம் என்னும் 'சுதந்திரம்', சுற்றாத பீடிக்குக் கூலி இல்லை என்னும் நியதியால் எல்லை குறுக்கப்பட்டிருந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. துண்டுக்கூலி மேற்பார்வையாளரின் பணியைத் தொழிலாளியின் வயிற்றிடமே ஒப்படைத்துவிடுகிறது.

1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் இந்நிலையை மாற்றியது. மூலப்பொருள் பெற்று வீட்டிலிருந்து சுற்றுவோரும் ஊழியர் என்னும் வரையறைக்குள் வந்தனர். 1968இல் கேரளம் அதனை நடைமுறைப்படுத்தியபோது கண்ணூர்ப் பகுதியிலிருந்த தம் பட்டறைகளைப் பெரு முதலாளிகள் மூடினர்; பல்லாயிரவர் வேலையிழந்தனர். இதன் விளைவாக 1969இல் 'தினேஷ் பீடி' கூட்டுறவு உருவாயிற்று. இப்பட்டறைகளுக்கு வேறொரு முக்கியத்துவமும் உண்டு. ஒருவர் பத்திரிகையோ நூலோ உரக்க வாசிக்க, அவரது பங்குப் பீடியை ஏனையோர் சுற்றிக் கொடுப்பது அங்கு வழக்கமாயிருந்தது. வாசிப்பும் வர்க்க உணர்வும் ஒருங்கே வளர்வதற்கு அக்கூரை களமாயிற்று. வீட்டுத் திண்ணையில் தனித்திருந்து சுற்றும் திருநெல்வேலிப் பெண்ணுக்கு அத்தகைய களம் இல்லை. வேலையைச் சிதறடித்தல் கூலியை மட்டுமன்றிக் கூட்டுச் சிந்தனையையும் குறைக்கிறது என்பது எமது கருத்து.

1966ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து உற்பத்தியாளர் தொடுத்த மங்களூர் கணேஷ் பீடி வழக்கில், 1974இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்புடையதென்றது. சேமலாப நிதி தொடர்பாக 1985இல் அளிக்கப்பட்ட தீர்ப்பு இன்னும் ஒரு படி முன்சென்றது. தரமற்ற பீடியைத் தள்ளிவிடும் உரிமையே போதிய கட்டுப்பாடு என அது ஏற்றுக்கொண்டது. வீட்டுப் பெண்கள் தள்ளுபடியாகிய பீடியை எண்ணி எண்ணி நெடுங்காலம் அறிந்திருந்த உண்மையைச் சட்டம் அப்போதுதான் அறிந்தது எனலாம்.

இவ்வரலாறு முடிந்துவிடவில்லை. 2020இல் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, செயலிகளின் வழி உணவு காவுவோர், வாகனம் ஓட்டுவோர் போன்றோரை மரபான முதலாளி - ஊழியர் உறவுக்குப் புறம்பானோர் என வரையறுக்கிறது. சில நலத்திட்டங்களுக்கு அது வழிவகுப்பினும், ஊழியர் என்னும் பெயரை அவர்களுக்கு வழங்கவில்லை. பணியை ஒதுக்குவதும், விலையை நிர்ணயிப்பதும், ஆளை நீக்குவதும் எவர் கையில் உள்ளன என்பதே இங்கும் அடிப்படை வினா. பீடித் தொழிலாளர் அவ்வினாவுக்கு விடை பெற்றது நீதியரசரின் கருணையால் மட்டுமன்று, சங்கமாகத் திரண்டதனாலுமாம். சிதறியிருப்போர் திரள்வதற்கான புதிய களம் யாது என்பதே நம்முன் உள்ள பணி.