இறால் கூடையும் தூரத்துச் சட்டமும்



நம்மில் இறால் உரித்துப் பிழைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அந்த இறால் எந்த நாட்டுக்குப் போகுதுன்னு நாம் கேட்டதில்லை. ஆனால் அந்த நாட்டில் ஒரு விதி மாறினால் நம்ம கூலி குறையும். அந்த வரலாறு நம்ம பிள்ளைகளுக்கும் தெரியணும் என்று எழுதுகிறேன்.

முன்பெல்லாம் ஊர்க் கொட்டகையில் தரையில் உட்கார்ந்துதான் உரிப்போம். 1997-ல் ஐரோப்பிய ஒன்றியம், சால்மோனெல்லா கிருமியும் சுத்தக் குறைவும் இருக்கிறது என்று இந்திய மீன், இறாலை நிறுத்தியது. சில மாதத்தில் தடை தளர்ந்தது, ஒப்புதல் வாங்கிய கம்பெனிகளுக்கு மட்டும். ஓடு பதித்த தரை, நல்ல தண்ணீர், குளோரினில் கை கழுவுவது, தலைக்குத் தொப்பி எல்லாம் வந்தது. சுத்தம் நல்லதுதான், சாப்பிடுகிறவர் உயிர் அதில் இருக்கு. ஆனால் அந்தச் செலவைத் தாங்காத சின்னக் கொட்டகைகள் மூடிப்போச்சு. வீட்டுப் பக்கத்தில் உரித்த நாங்கள் விடியுமுன்னே கம்பெனி வேனைப் பிடித்தோம். ஐஸில் கை மரத்தாலும் கூலி கிலோ கணக்குத்தான்.

சுத்தத்துக்குச் சம்பந்தமே இல்லாத தடையும் உண்டு. இந்தியா உட்பட 6 நாடுகள் நியாயமில்லாத குறைந்த விலைக்கு இறாலை விற்கின்றன என்று அமெரிக்க இறால் மீனவர்கள் புகார் கொடுத்தார்கள். 2005 பிப்ரவரியில் தனி வரி விழுந்தது. அப்போ சுனாமி அடித்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. சுனாமிக்காக மறுபடி விசாரித்தும் வரியை எடுக்கவில்லை.

2019-ல் இன்னொன்று. வலையில் கடலாமை தப்பிக்க வழி வைக்கவில்லை என்று, கடலில் பிடித்த இந்திய இறாலை அமெரிக்கா நிறுத்தியது. பண்ணை இறாலுக்குத் தடை இல்லை. ஆமையும் பிழைக்கணும், சரி. அடி வாங்கியது கடல் இறாலை நம்பிய குடும்பங்கள்.

வாங்குகிறவர் விலையைக் குறைப்பார், கம்பெனி கூலியைக் குறைக்கும். நமக்குக் கீழே இறக்கி வைக்க ஆள் இல்லை.

வேலை இல்லாத மாதங்களில் கந்துவட்டிக்குப் போகாமல் என்னைக் காத்தது குழுக் கடன்தான். அதனால் இரண்டு விஷயம் சொல்கிறேன். கூலி குறைந்தால், எந்தத் தடை, எத்தனை நாள் என்று தனியாக இல்லாமல் குழுவாகக் கேட்போம். தடைக் காலத்துக்கென்று மாதாமாதம் ஒரு சிறு தொகை ஒதுக்குவோம். அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள், சகோதரிகளே.