தலைக்கவசமும் சுண்ணாம்புக்கல் லாரியும்

'சைக்கிள்காரன் குறுக்க வந்துட்டான்.' விபத்து நடந்த இடத்தில் முதலில் எழும் வாக்கியம் இதுதான். செத்தவன் பதில் சொல்ல முடியாது என்பதால் அதுவே வரலாறாகவும் ஆகிவிடுகிறது. பெரம்பலூர், அரியலூர்ச் சாலைகளின் வரலாற்றை எழுதப் புகுபவர் இந்த வாக்கியத்தைத்தான் முதலில் கட்டுடைக்க வேண்டும்.

டைனமோ எரியலை, டபுள்ஸ் போனான், லைசென்ஸ் வில்லை இல்லை என்று டயரில் காற்றைப் பிடுங்கிவிட்ட போலீஸ்காரரை ஐம்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'பாதுகாப்பு' என்பது அப்போதே மிதிப்பவனின் கடமையாகக் கட்டமைக்கப்பட்டுவிட்டது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளுக்குத்தான் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது, மிதிவண்டியைத் தொடவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலையில் மிதிவண்டிக்கும் கட்டாயமாக்கியது.

இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்து உளவியலாளர் இயன் வாக்கர் செய்த சோதனை ஒன்று உண்டு. சைக்கிளில் தூரமளக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு, தன்னை முந்திச் சென்ற 2,300க்கும் மேற்பட்ட வண்டிகளை அளந்தார். தலைக்கவசம் அணிந்திருந்தபோது வண்டிகள் சராசரியாக 8.5 செ.மீ. நெருங்கிப் போயின. நீளமான பெண் முடி டோப்பா வைத்தபோது விலகிப் போயின! சோதனையின் போது ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் அவரை இடித்தன. இரண்டு தடவையும் அவர் தலையில் கவசம் இருந்தது. இம்முடிவு 2007இல் அச்சானது. 2013இல் ஆலிவியரும் வால்ட்டரும் அதே கணக்கை மறுபடி அலசி, ஒரு மீட்டருக்குள் உரசிப் போகும் ஆபத்தான முந்தல்களில் கவசத்தால் வேறுபாடு இல்லை என்று மறுத்தார்கள். விவாதம் தீரவில்லை. கீழே விழுந்தால் மண்டையில் படும் அடியைக் கவசம் குறைக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தரையில் மோதும் தலைக்காகத்தான் அது செய்யப்படுகிறது, லாரிச் சக்கரத்துக்காக அல்ல.

நம்மூருக்கு வருவோம். டால்மியாபுரத்தில் 1939இல் சிமெண்ட் ஆலை வந்தது. அரியலூரில் அரசு ஆலை 1979இல் வந்தது. பின்னால் தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய கடலடிச் சுண்ணாம்பு, லாரி லாரியாகக் கிராமத்துச் சாலைகளில் ஏறியது. மறுபுறம், 1991இல் பக்கத்துப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. 2001-02இல் தலித், பழங்குடி மாணவியருக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரித்தது. சுரங்கத்துக்கு அனுமதி தந்ததும் அரசு, பிள்ளைக்குச் சைக்கிள் தந்ததும் அரசு. இரண்டும் சந்திக்கிற இடம் தார் விளிம்பு. அதற்கப்பால் அரையடிப் பள்ளம், புழுதி.

இங்கே 'ஓட்டுநர் நடத்தை' என்று உளவியல் பேசினால் போதாது. நடைக் கணக்கில் கூலி வாங்குபவர், எதிரே போவது பெண்ணா ஆணா, கவசம் போட்டதா இல்லையா என்று பார்ப்பதற்கு முன் இன்னும் எத்தனை நடை பாக்கி என்றுதான் பார்ப்பார். இங்கிலாந்தில் அளந்த சென்டிமீட்டருக்கும் இந்த நெருக்கத்துக்கும் காரணம் ஒன்றல்ல. எத்தனை நடை என்பதைத் தீர்மானிப்பவர் சாலையிலேயே இருப்பதில்லை. விபத்து வழக்கிலும் அவர் பெயர் வராது, ஓட்டுநர் பெயர்தான் வரும்.

இலவச சைக்கிளோடு கவசமும் கொடுத்தால் நான் வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: பள்ளி திறக்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் கல் லாரி நிற்கட்டும், லாரிக்கு ஆலையே தனிச் சாலை போடட்டும், நடைக் கூலி மாதச் சம்பளமாகட்டும். கடைசிக் கோரிக்கையை ஓட்டுநர்கள்தான் நம்மைவிட உரக்கக் கேட்பார்கள்.