ராணியின் காலணிப் பணமும் நம் வீட்டுக் கிறிஸ்மஸ் கணக்கும்



டிசம்பர் 3-ஆம் நாள் தூய பிரான்சிஸ் சவேரியாரின் திருவிழாவைக் கொண்டாடினோம். பாளையங்கோட்டையில் நமது பேராலயமே அவர் பெயரைத் தாங்கித்தான் நிற்கிறது. அவர் திருவிழா முடிந்த மறுநாளே நம் வீடுகளில் அடுத்த பேச்சு தொடங்கிவிடும். பிள்ளைகளுக்குத் துணி எடுப்பது எப்போது, அச்சு முறுக்குக்கு மாவு திரிப்பது எப்போது, போன வருடத்து நட்சத்திரமே போதுமா, சின்னவன் கேட்கிற பேட்டரி கார் என்ன விலை? இந்தப் பேச்சோடு, யாரும் வாய் திறந்து சொல்லாத இன்னொரு கேள்வியும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பணத்துக்கு எங்கே போவது? அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று சிந்திக்கப் போகிறோம். சவேரியாரிடமிருந்தே தொடங்குவோம்.

1542-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் நமது முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். கடற்கரை மக்கள் திருமுழுக்குப் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர்களுக்கு மறையைக் கற்றுக்கொடுக்க ஆளில்லை. சவேரியார் கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். தெரிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழில் எழுதிவைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் ஓர் ஊரில் தங்கினால் அடுத்த ஊர் காத்துக் கிடக்கும். ஆகவே, தாம் இல்லாத நாள்களில் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுக்க ஊருக்கு ஊர் ஆள்களை நியமித்தார். அவர்களுக்குக் கணக்கப்பிள்ளைகள் என்று பெயர். சவேரியார் தம் மடல்களிலும் இந்தத் தமிழ்ச் சொல்லையே எழுதினார். கோயில் கணக்கப்பிள்ளை என்ற பெயர் நமக்கு இன்றும் பழக்கமானதுதானே!

கணக்கப்பிள்ளைகளுக்கும் வீடு உண்டு, வயிறு உண்டு. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். சவேரியாரிடம் காசில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா?

முத்துக்குளிக்கும் மக்கள் போர்த்துக்கீசிய அரசுக்கு ஆண்டுதோறும் திறை செலுத்திவந்தார்கள். அதில் ஒரு பங்கு, 4,000 பணம், போர்ச்சுக்கல் நாட்டு அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. ‘பணம்’ என்பது அன்று ஒரு காசின் பெயர். அந்த 4,000 பணத்தை மறைக்கல்விக்குத் திருப்பிவிடச் சவேரியார் கேட்டார். அப்போதைய ஆளுநர் மார்த்தின் அபோன்சோ தெ சூசாவும் இசைந்தார். மன்னர் மூன்றாம் ஜானின் துணைவியான கத்தரீனா அரசிக்கே சவேரியார் எழுதினார். விண்ணகத்துக்கு ஏறிப்போக இந்தக் கடற்கரைப் பிள்ளைகளைவிட நல்ல காலணி அரசிக்குக் கிடைக்காது என்பது அவர் சொன்னதின் சாரம். அரசியும் மனமொப்பினார்.

இந்த வரலாற்றை இன்று நினைவுபடுத்தக் காரணம் உண்டு. சவேரியார் பிள்ளைகளுக்காக மக்கள்மேல் புதிய வரி போடவில்லை. கடனும் வாங்கவில்லை. ஏற்கெனவே இருந்த கணக்கில் ஒரு வரியை அடித்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை எழுதச் செய்தார். மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கிய நம் முன்னோர் சம்பாதித்த காசு, யாரோ ஒருவரின் காலணியாகப் போகாமல் அவர்கள் பிள்ளைகளுக்கே திரும்பி வந்தது.

அன்புக்குரியவர்களே, நம் வீட்டுக் கணக்கிலும் அப்படி ஒரு ராணியின் காலணி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைத் தேடுவதற்கு முன்னால் நம் ஆற்றுப்படுகையின் நிலவரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கிறிஸ்மஸ் நம் பக்கத்தில் கை வறண்ட மாதத்தில் வருகிற விழா. தாமிரபரணிப் பாசனத்தில் கார் சாகுபடி ஆனியில் தொடங்கிப் புரட்டாசியோடு முடிந்துவிடும். பிசானத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் நடுவோம். தை, மாசி தாண்டித்தான் அறுப்போம். டிசம்பரில் வயல் பச்சையாக நிற்கும், குதிர் காலியாகக் கிடக்கும். பனையேறுகிறவர்களுக்கு அது பதநீர் இல்லாத காலம். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்தால் மீனவர் தொழிலுக்குப் போகும் நாள்கள் குறையும். கட்டட வேலையும் செங்கல் சூளையும் மழைக்குப் படுத்துவிடும். பீடி சுற்றுகிற தாய்மார்களுக்கு வாரக்கூலி வரும்; அது வாரச் செலவுக்கே சரியாகப் போகும். போதாததற்குத் தீபாவளி போய்ப் பொங்கல் வருவதற்கு நடுவில் நிற்கிறோம்.

நம் முன்னோர் இந்த நிலைமையை இரண்டு வழியில் சமாளித்தார்கள். ஒன்று, கடன். அது இன்று வந்த நோய் அல்ல. மற்றொன்று, முன்கூட்டியே எடுத்துவைப்பது. இந்த இரண்டாவது வழிக்கு நம் மண்ணில் அருமையான பாடங்கள் உண்டு.

கைப்பிடி அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். ஒரு பிடி குறைந்தது சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. மாதம் முடிந்தால் கலயம் நிறைந்திருக்கும். சீர்திருத்தத் திருச்சபைச் சகோதரிகள் இந்தப் பிடியரிசியைக் கொண்டு இறைப்பணியைத் தாங்கினார்கள். வேதநாயகம் அசரியா முதலானோர் 1903-இல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் நம் மக்களின் காணிக்கையால் நடந்தது. பக்கத்து விருதுநகரில் வீட்டுக்கு வீடு திரட்டிய பிடியரிசியால் ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்தினார்கள். சத்திரிய வித்யாசாலை என்ற அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் ஒருவர் பெருந்தலைவர் காமராசர். ஒரு பிடி அரிசியின் பலன் எங்கே போய் நின்றது பாருங்கள்!

பரிசுப் பொருளிலும் நம் மண்ணுக்கு ஒரு மரபு உண்டு. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் விளையாடாத பாட்டிகள் நம் பங்கில் குறைவு. மரத்தைக் கடைசலில் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றிய குட்டி அம்மி, ஆட்டுக்கல், அடுப்பு, பானை எல்லாம் சின்ன ஓலைப் பெட்டிக்குள் அடங்கிவிடும். அக்காள் விளையாடி முடித்தால் தங்கைக்கு வரும். ஒரு பிள்ளை தனியாக வைத்து விளையாட முடியாது. கூட்டாஞ்சோறு ஆக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வேண்டும். விலை குறைந்த பரிசுதான். ஆனாலும் அறுபது வயதில் அதை நினைத்துச் சிரிக்கிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இங்கே நமது குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குருவான புதிதில் ஒரு கிளைப்பங்கில், கிறிஸ்மஸுக்கு அடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், யார் யாருக்கு என்னென்ன பரிசு கிடைத்தது என்று பிள்ளைகளிடம் கேட்டோம். மகிழ்ச்சியாகத்தான் கேட்டோம். சைக்கிள், வாட்ச், பொம்மைத் துப்பாக்கி என்று பதில் வந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்றான். ஒன்றும் சொல்லாமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். அடுத்த பங்குனியில் அவன் தந்தை நம்மிடம் வந்தார். “சாமி, அன்னைக்குப் பிள்ளை அழுதுகிட்டே வந்தான். மறுநாளே வட்டிக்கு வாங்கி ஒரு கார் பொம்மை வாங்கிக் கொடுத்தேன். இன்னும் வட்டிதான் கட்டுறேன்” என்றார். அந்தக் கடனில் நமக்கும் பங்கு உண்டு. அன்றிலிருந்து எந்தப் பிள்ளையிடமும் அந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை.

நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 ரூபாய் வாங்கினால் மாதம் 500 ரூபாய் வட்டி. அடுத்த கிறிஸ்மஸுக்குள் 6,000 ரூபாய் கட்டியிருப்போம். 5,000 ரூபாய்க் கடன் அப்படியே நிற்கும். பொம்மையோ பொங்கலுக்கு முன்பே உடைந்திருக்கும்.

கந்துவட்டி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் திருநெல்வேலிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, ஆட்சியர் அலுவலக வளாகத்தில் நடந்ததை நாம் மறக்கவில்லை. கந்துவட்டிக் கொடுமையால் ஒரு தந்தையும் தாயும் இரண்டு சிறு பெண்பிள்ளைகளும் மாண்டுபோனார்கள். கூடுதல் வட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதலே இருக்கிறது. இருந்தும் அது நடந்தது. அவர்கள் பட்ட கடன் பண்டிகைக்காகப் பட்டது என்று நாம் சொல்லவில்லை. சிறு கடன்தானே என்று எந்தக் கடனையும் எண்ணிவிடக் கூடாது என்று மட்டும் சொல்கிறோம். இப்போதே கடனில் சிக்கியிருக்கிறவர்கள் வெட்கப்பட்டுத் தனியாகத் தவிக்க வேண்டாம். பங்குத்தந்தையிடம் வாருங்கள், வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் சொல்லுங்கள், ஆட்சியரிடம் மனுக் கொடுக்க நாமும் உடன் வருகிறோம்.

கணக்கை மாற்றி எழுத நம்மால் முடியும் என்பதற்கு அண்மையிலேயே ஒரு சாட்சி உண்டு. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டு திருவைகுண்டம், ஏரல் பகுதிகள் துண்டிக்கப்பட்டன. கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அலங்காரத்துக்கும் வாணவேடிக்கைக்கும் வைத்திருந்த பணம் பல இடங்களில் அரிசியாகவும் போர்வையாகவும் போயிற்று. அந்த ஆண்டு விழா குறைந்துவிட்டது என்று யாரும் நம்மிடம் முறையிடவில்லை. வெள்ளம் வந்த ஆண்டில் முடிந்தது, வெள்ளம் வராத ஆண்டில் ஏன் முடியாது?

திருக்குடும்பத்தையே பாருங்கள். குழந்தை இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கப் போனபோது, ஏழைகளுக்குச் சட்டம் அனுமதித்த புறாக் காணிக்கையையே சூசையப்பரும் மரியாவும் கொண்டுபோனதாக லூக்கா எழுதுகிறார். ஆட்டுக்குட்டி வாங்க வசதி இல்லை. அதற்காக அவர்கள் கடன் வாங்கவில்லை. கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பார் என்று பின்னாளில் ஆண்டவர் சொன்ன உவமையும் அதே நற்செய்தியில்தான் இருக்கிறது. உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதும் நம்பிக்கை வாழ்வின் ஒரு பகுதிதான்.

ஆகவே இந்த வாரம் ஒரு நாள் இரவுச் செபம் முடிந்ததும், கணவனும் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து உட்காருங்கள். ஒரு தாளில் கையிலிருக்கும் தொகையை மேலே எழுதுங்கள். கடனாகக் கிடைக்கக்கூடியதை அதில் சேர்க்க வேண்டாம். அதன் கீழே முதல் வரியில் ஏழைகளின் பங்கு. அது பத்து ரூபாயாக இருந்தாலும் முதலில் வரட்டும். பிறகு பிள்ளைகளின் துணி, பலகாரம், பரிசு, கடைசியாக நட்சத்திரமும் அலங்காரமும். கூட்டிப் பார்த்து மேலே உள்ள தொகையைத் தாண்டினால், நம் வீட்டில் ராணியின் காலணி எது என்று தேடுங்கள். ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்கிற செலவு எதுவோ அதுதான். அதை அடித்துவிடுங்கள். பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லத் தயங்காதீர்கள், சொன்னால் புரிந்துகொள்வார்கள். பலகாரத்தைப் பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை அவர்களிடமே விடுங்கள். அது மதம் பார்க்காமல் நம் தெருக்களில் நடந்துவரும் பழக்கம். அதை மட்டும் கணக்கில் அடித்துவிடாதீர்கள்.

அடுத்த ஆண்டுக்கு இப்போதே வழி செய்யலாம். காருகுறிச்சி மண் உண்டியல் ஒன்றை வாங்கி வையுங்கள். சனவரி முதல் நாளிலிருந்து நாளுக்குப் பத்து ரூபாய் போட்டால் கிறிஸ்மஸ் வரும்போது 3,500 ரூபாய்க்கு மேல் சேர்ந்திருக்கும். சீட்டுப் போடுகிறவர்கள், அது 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று கேட்ட பிறகே பணம் கொடுங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்பது பதிவுக்கு ஈடாகாது.

பங்கும் தன் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். விழா வரி கட்ட முடியாத குடும்பத்தின் பெயர் கோயிலில் வாசிக்கப்படக் கூடாது. குடில் போட்டியில் செலவைப் பார்த்துப் பரிசு கொடுக்கக் கூடாது. வைக்கோலும் களிமண்ணும் வைத்துப் பிள்ளைகள் தங்கள் கையால் செய்த குடிலே முதலில் நிற்கட்டும்.

கணக்கப்பிள்ளைகளை ஊருக்கு ஊர் நியமித்த தூய சவேரியார், நம் ஒவ்வொரு வீட்டுக் கணக்குக்கும் துணை நிற்பாராக. கடனில்லாத மகிழ்ச்சியோடு குழந்தை இயேசுவை வரவேற்க இறைவன் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.