ஆசிரியர் நலனும் மாணவர் உள்ளமும்: மகாவித்துவான் மரபு உணர்த்தும் பாடம்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் விளக்கப் புகுமுன்னரே ஆசிரியர் இயல்பையும் மாணவர் இயல்பையும் வகுத்துரைக்கின்றது. நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமையாக்குகின்றது. நிலத்தின் பொறுமையை ஆசிரியரிடம் எதிர்பார்த்த நம் மரபில், அந்நிலம் வறளாமல் காப்பது யார் கடன் என்னும் வினா எழுவது இயல்பே. அதற்கு விடை காண, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் (1815–1876) வாழ்க்கை பெரிதும் துணைபுரிகின்றது.

அவ்வாழ்க்கையை இன்று விரிவாக அறிய முடிவதும் ஒரு மாணவரின் நன்றியுணர்வாலேயே ஆகும். டாக்டர் உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியரின் சரித்திரத்தை 1933, 1934 ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வெளிவந்த 'என் சரித்திரம்' என்னும் தொடரிலும் அவ்வாசிரியரே நடுநாயகமாக விளங்குகின்றார்.

1871 இல் மாயூரத்திற்குப் பாடங்கேட்க வந்தபோது சாமிநாதையருக்கு வயது பதினாறு. வேங்கடராமன் என்பது அவருக்கு இடப்பெற்ற பெயர். வீட்டார் சாமா என்றழைத்தனர். ஆசிரியர் விருப்பப்படி சாமிநாதன் என்னும் பெயரே நிலைத்தது. மாணவருக்கு அம்மை கண்டபோது ஆசிரியர் மனம் கலங்கினார். புதுச்சேரிக் கிறித்தவரான சவராயலு நாயகரும், நாகூர் இசுலாமியரான குலாம் காதிறு நாவலரும் அவரிடமே கற்றனர். பிள்ளையவர்கள் தலபுராணச் செய்யுட்களைச் சொல்லிக்கொண்டே செல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதினர். செய்யுள் பிறக்கும் பொழுதில் அருகிருக்கும் பேறு அவர்களுக்கு வாய்த்தது. பாடத்தோடு பரிவும், கல்வியோடு கூடிவாழும் பண்பும் அங்கே ஒருங்கு வளர்ந்தன எனலாம்.

ஆயினும் அவ்வுறவு முற்றிலும் நிழலற்றதன்று. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயின்றுவந்த சாமிநாதையர், தம் ஆசிரியருக்கு அதில் உவப்பில்லை என்றறிந்து அப்பயிற்சியை விட்டுவிட்டார். ஆசிரியரின் குறிப்பு ஒன்றே ஒரு கலைவழியைத் திறக்கவும் அடைக்கவும் வல்லதாயிருந்தது. ஆசிரியரின் மனநிலை மாணவரின் வாழ்வில் எத்துணை ஆழமாகப் பதிகின்றது என்பதற்கு இதுவும் சான்றாகும்.

இத்தகைய ஆசிரியரின் இல்லம் எவ்வாறிருந்தது? திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவானாகவும், சுப்பிரமணிய தேசிகரின் பேரன்புக்கு உரியவராகவும் இருந்தும், பொருள்முட்டு அவரை விட்டு நீங்கவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் பலகையில் அமர்ந்த ஆசிரியருக்கு வீட்டில் எண்ணெய் இல்லாதிருந்ததையும், தாம் வாங்கிவந்து கொடுத்ததையும் சாமிநாதையர் பதிவுசெய்துள்ளார். வாய்திறந்து கேளாத பெருந்தன்மையே வறுமையைப் பிறர் காணாதபடி மறைத்தது. பொருளுதவி செய்வோர் பலர் இருந்தனர். ஆயினும் திங்கள்தோறும் தவறாது வரும் வருவாய் இல்லை. 1876 பிப்ரவரி முதல் நாள் அவர் மறைந்தார். இறுதி வேளையில் திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படிக்கக் கேட்டவர், கடன் சுமையோடு வாழ்ந்த கவிஞர் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கின்றது.

அதன்பின் நிகழ்ந்தவை கருதத்தக்கன. சுப்பிரமணிய தேசிகர் சாமிநாதையரை மடத்திலேயே இருத்திப் பாடஞ்சொல்லச் செய்தார். குடியிருக்க வீடும் அமைத்துத் தந்தார். 1880 இல் கும்பகோணம் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்ற தியாகராச செட்டியார், தாம் வகித்த பதவி சாமிநாதையருக்கே கிடைக்குமாறு முயன்று வெற்றி கண்டார். செட்டியாரும் மகாவித்துவானின் மாணவரே. ஓர் ஆசிரியரிடம் பெற்ற பரிவு, அவருடைய மூத்த மாணவரிடமிருந்து இளைய மாணவருக்குப் பாதுகாப்பாக வந்து சேர்ந்தது. மாதம் 50 ரூபாய் ஊதியம். ஆசிரியருக்குக் கிட்டாத உறுதி மாணவருக்குக் கிட்டியது. அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியாரின் சந்திப்பும் நேர்ந்தது. 1887 இல் சீவக சிந்தாமணியும், 1889 இல் பத்துப்பாட்டும், 1892 இல் சிலப்பதிகாரமும், 1894 இல் புறநானூறும் அச்சேறின. இவற்றுக்கு அவருடைய அயரா உழைப்பே முதற்காரணம். எனினும், அவ்வுழைப்பு தளராதிருக்க அந்த நிலையான ஊதியம் ஊன்றுகோலாயிற்று.

இவ்வரலாறு பழங்கதையாக முடிந்துவிடவில்லை. 2012 இல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி முதலியன கற்பிக்கப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் பகுதிநேர ஆசிரியர்களாகப் பணியமர்த்தப்பெற்றனர். அவர்களுக்கு வழங்கப்பெற்ற தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். பணிநிரந்தரம் வேண்டி அவர்கள் பல்லாண்டுகள் போராடினர். பிள்ளைகளின் உள்ளத்தைப் பண்படுத்தும் கலைகளைக் கற்பிப்போரையே நிலையற்ற வாழ்வில் நிறுத்துவது எவ்வகையில் பொருந்தும்?

புலவர்க்குப் பொன்னாடை போர்த்துவதை நம் இலக்கிய அமைப்புகள் குறைவறச் செய்கின்றன. அதனினும் முற்பட்ட கடமை, அவர் வீட்டில் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டறிதல். கேளாதவர்க்கும் அளிக்கும் ஏற்பாடே மகாவித்துவானின் பெயருக்கு உரிய நினைவுச்சின்னம் ஆகும்.