காங்கேசன்துறைச் சுண்ணக்கல்லும் குடாநாட்டின் நன்னீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மாரி மழை மண்ணினூடாகக் கசிந்து, சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளில் தங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கின்றது. கீரிமலைக் கேணியும் நிலாவரைக் கிணறும் இதற்குச் சான்றுகளாம். எனவே இங்குச் சுண்ணக்கல் வெறுங் கல்லன்று. நன்னீரைத் தாங்கும் கலமுமாகும்.

அக்கல்லே கைத்தொழிலின் மூலப்பொருளுமாயிற்று. 1950இல் காங்கேசன்துறையில் அரச சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. பலருக்கு வாழ்வளித்த அத்தொழிற்சாலை 1990இல் போர் காரணமாக மூடப்பட்டது. கல் அகழ்ந்த பள்ளங்களே எஞ்சின. ஏனைய இடங்களிலும் நிலத்தடி நீர் நலிவுற்றது. செயற்கை உரமும் மலசலகூடக் குழிகளும் கிணறுகளில் நைத்திரேற்றைப் பெருக்கின. இயந்திரங்கொண்டு அளவின்றி நீரிறைத்தமை கரையோரங்களில் உவரை ஏறச்செய்தது.

2009இல் போர் முடிவுற்றபின் வெளிநாட்டு உதவி வந்தது. காங்கேசன்துறைத் துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த கப்பற் சிதைவுகளை இந்தியா அகற்றியது. இந்தியக் கடனுதவியால் மீளமைக்கப்பட்ட புகையிரதப் பாதை 2015 ஜனவரியில் அவ்வூரை மீண்டும் அடைந்தது. குடிநீருக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் வழங்கியது. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொணர்வதே முதல் திட்டம். தம் வயல்கள் வறளுமென அஞ்சிய கிளிநொச்சி விவசாயிகள் அதனை எதிர்த்தனர். அதன்பின் கடல்நீரை நன்னீராக்கும் வழி தெரிவுசெய்யப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் வழங்கவல்ல தாளையடி நிலையம் 2024 ஆகஸ்ட் 2ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது.

இவ்வரலாறு இரு உண்மைகளை உணர்த்துகின்றது. உதவி கொடுப்போரின் திட்டம் எத்துணைச் சிறந்ததாயினும், நீருக்குரிய மக்களின் இணக்கமின்றி நிறைவேறாது என்பது ஒன்று. மழை விலையின்றித் தந்ததை இனி மின்சாரம் செலவிட்டுப் பெறவேண்டியுள்ளது என்பது மற்றொன்று. அம்மின்சாரத்துக்காக நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்படுமளவுக்குப் புவி வெப்பமுறும். கடல்மட்டம் உயர்ந்து, எஞ்சிய நன்னீர் வில்லையையும் நெருக்கும்.

ஆதலால் கடல்நீர் நிலையம் இடருக்கு மருந்தேயன்றி நோய்தீர்க்கும் வழியன்று. குளங்களைத் தூர்வாரி மழைநீரை நிலத்துட் செலுத்துதல், கழிவுநீரை முறைப்படி அகற்றுதல், கல் அகழ்வைக் கட்டுப்படுத்துதல் ஆகியன திறப்புவிழாக் காணாத பணிகள். ஆயினும் உதவிப் பணத்தின் முதற்பங்கு இவற்றுக்கே உரியது. நீரைத் தாங்கும் கலம் உடைந்தபின், எத்தனை கடன் பெறினும் அதனை வார்த்தெடுத்தல் இயலாது.