சேது நாட்டுக் கற்களைப் பிள்ளைகளோடு வாசிப்போம்

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் எங்கே போவது என்ற பேச்சு வீடுகளில் எழுந்துவிடும். இராமநாதபுரம் பக்கம் புறப்படும் நம் குடும்பங்கள் ஏர்வாடியில் ஸியாரத், பாம்பன் பாலம், பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவகம் என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. அந்த வறண்ட சேது நாட்டில் வழி நெடுகிலும் கிடக்கும் நம் வரலாறு வண்டியின் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைகிறது. முன்சென்ற சமூகங்களின் முடிவைப் பயணம் செய்து பார்க்கும்படி திருக்குர்ஆன் பல இடங்களில் பணிக்கிறது. அதற்கு எகிப்துவரை போக வேண்டியதில்லை.

மதுரையிலிருந்து இராமநாதபுரம் செல்லும் சாலையில், சிலைமான் அருகே பிரிந்தால் கீழடி. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் கட்டப்பட்டது. அங்கே அணிகலன்களைவிடப் பானை ஓடுகளின் முன்னால் பிள்ளைகளை அதிக நேரம் நிறுத்துங்கள். ஆதன், குவிரன் என்று 2,000 ஆண்டுகளுக்கும் முந்தைய தமிழி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. சாதாரணப் பானையில் தன் பெயரைக் கீறி வைத்த மனிதனை, பள்ளிக்கூடப் பையில் பெயர் எழுதும் பிள்ளைக்கு உடனே புரிந்துவிடும்.

வைகை கடலில் சேரும் பகுதியில் இருக்கும் அழகன்குளத்தில் 1986 முதல் பல கட்டங்களாக அகழாய்வு நடந்தது. ரோமானியக் காசுகளும், மத்திய தரைக்கடல் நாட்டுச் சாடிகளின் உடைசல்களும், கப்பல் உருவம் கீறிய ஓடும் கிடைத்தன. பெரியபட்டினத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. இப்னு பதூதா குறிப்பிடும் ஃபத்தன் துறைமுகம் இதுதான் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. இந்த இரண்டு ஊர்களிலும் இன்று நின்று பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த வழியாகப் போகும்போது வண்டியில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம்.

இராமநாதபுரம் நகரில் இராமலிங்க விலாசம் அரண்மனை இருக்கிறது. கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பட்ட சுவரோவியங்களில் மராத்தியரோடு நடந்த போரும், ஐரோப்பியர் சேதுபதியைச் சந்திக்கும் காட்சியும், இராமாயணக் கதையும் இருக்கின்றன. "ஹஜ்ரத், சிலையும் உருவமும் இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். பார்த்து அறிவது வேறு, வணங்குவது வேறு. அந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தாராளமாக அழைத்துப் போங்கள். அந்தக் காலத்து உடை, ஆயுதம், குதிரைச் சேணம் எல்லாம் அந்தச் சுவர்களில்தான் இருக்கின்றன. சுவரைத் தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

அங்கிருந்து சுமார் 17 கிலோமீட்டரில் கீழக்கரை. அந்த அரண்மனைக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு வள்ளல் சீதக்காதி வழியாக வருகிறது. ஷெய்கு அப்துல் காதிர் என்ற பெரியதம்பி மரைக்காயர், கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவராக இருந்தார். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவரும் அவரே. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜும்ஆ பள்ளிவாசலுக்குள் நுழைந்ததும் வரிசை வரிசையான கருங்கல் தூண்கள். அவற்றின் தலையில் பூமொட்டு தொங்கும் போதிகைகள். கோயில் மண்டபம் கட்டிப் பழகிய சிற்பிகளின் கைத்திறன் அது. ஆனால் ஒரு மனித உருவமோ மிருக உருவமோ கிடையாது. பூவும் கொடியும் வட்டமும் மட்டும். ஈமானையும் விட்டுக்கொடுக்காமல், தாம் வாழ்ந்த மண்ணின் கலையையும் ஒதுக்காமல் நம் முன்னோர் கட்டிய கட்டடம் இது. குவிமாடமும் மினாராவும் இருந்தால்தான் பள்ளிவாசல் என்று நினைக்கும் இன்றைய தலைமுறை இதை ஒரு தடவை பார்க்கவேண்டும்.

லுஹருக்கு அங்கே இருக்கும்படி புறப்பட்டால் தொழுகையையும் ஜமாஅத்தோடு முடித்துக்கொள்ளலாம். பெண்கள் உள்ளே பார்ப்பது பற்றி நிர்வாகத்தாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அரசு அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கும் வெள்ளிதான் வார விடுமுறை. கீழடி போன்ற சில இடங்களில் வேறு நாள். விசாரித்துவிட்டு வண்டி ஏறுங்கள்.

இனி நம்மை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஊரில் (பெயர் வேண்டாம்) பழைய கல்லுப்பள்ளி ஒன்றைப் பார்க்கப் போனோம். விரிவாக்கம் முடிந்து, தரையெல்லாம் டைல்ஸ் மின்னியது. பழைய நிலைவாசலுக்கு மேலே அரபு எழுத்துக் கல் ஒன்று இருந்ததாகக் கேள்விப்பட்டிருந்தோம். அதைப் பற்றிக் கேட்டபோது ஒரு பெரியவர் ஹவுளுக்குப் பக்கத்தில் அழைத்துப்போய்ப் படிக்கட்டைக் காட்டினார். "எழுத்து மேலே இருந்தா மிதிபடுமேன்னு கவுத்துப் போட்டுட்டாங்க ஹஜ்ரத்" என்றார். மரியாதையாக நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள். சுற்றிலும் சிமெண்ட் பூசி இறுகிவிட்டது. அதில் இருந்தது கட்டியவர் பெயரா, ஹிஜ்ரி ஆண்டா, நிலம் வக்ஃபு செய்த விவரமா? யாரும் படம்கூட எடுத்து வைக்கவில்லை.

கீழடியில் உடைந்த ஓட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்கிறார்கள். நம் மஹல்லாவில் முழுக் கல்லைப் படியாக்கிவிடுகிறோம். அருங்காட்சியகம் பார்த்து வந்த பிள்ளைகளை அடுத்த வாரமே சொந்த ஊர்ப் பள்ளிவாசலுக்கும் மையவாடிக்கும் கூட்டிப்போங்கள். பழைய மீஸான் கற்களில் பெயரும் வஃபாத்தான ஆண்டும் இருக்கும். சில இடங்களில் அரபுத்தமிழும் இருக்கலாம். காலையிலோ அஸருக்குப் பிறகோ வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் தேய்ந்த எழுத்தும் படத்தில் தெரியும். கல்லைக் கழுவத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். ஆசிட் வேண்டாம், எழுத்தின் மேல் பெயிண்ட் வேண்டாம், மணல் பீய்ச்சித் தேய்ப்பதும் வேண்டாம். தொல்லியல் துறைக்குத் தெரிவித்தால் மைப்படி எடுத்து வாசித்துச் சொல்வார்கள்.

பள்ளியை இடித்துக் கட்டும் முடிவுக்கு ஜமாஅத் வரும்போது, எழுத்துள்ள கற்கள் எவை, அவை எங்கே வைக்கப்படும் என்பதையும் தீர்மானத்தில் எழுதும்படி முதவல்லியிடம் கேளுங்கள். நம் பள்ளிகளில் பெரும்பாலும் ஷஅபானில் வெள்ளையடித்துவிடுவார்கள். படம் எடுக்க அதற்கு முன்பே போய்விடுங்கள்.