செம்மழை உரைத்த செய்தி

திருவனந்தபுரத்தினின்று பொன்முடி மலைக்கு ஏறுவோர், அடிவாரத்திலே கல்லாற்றைக் காண்பர். உருண்ட கற்களினூடே தெளிந்த நீர் ஓடும்; கரையெங்கும் மழைக்காடு செறிந்திருக்கும். மண்ணுலகுக்கு அப்பாலும் உயிர் உண்டோ என்னும் பெருவினா, ஒருகால் இம்மலைநாட்டு மழையிலேயே எழுந்தது. அவ்வரலாற்றை இன்று காண்போம்.

2001ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள், கோட்டயம் மாவட்டத்துச் சங்கனாச்சேரியில் செந்நிற மழை பெய்தது. உலர்த்திய துணிகளிலும் கறை படிந்தது. செப்டம்பர் வரை கேரளத்தின் பல இடங்களில் அது விட்டுவிட்டுப் பெய்தது. முதல் மழைக்கு முன் பேரொலி கேட்டதாகச் சிலர் கூறவே, விண்கல் வெடித்ததோ என்னும் ஐயம் பிறந்தது.

கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகளான காட்ஃப்ரி லூயிஸ், சந்தோஷ் குமார் ஆகிய இருவரும் அந்நீரை ஆராய்ந்தனர். மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கு மேற்படாத, தடித்த சுவருடைய செந்துகள்கள் அதில் இருந்தன. அவை வால்வெள்ளியின் துண்டொன்றுடன் வந்த உயிரணுக்களாகலாம் என்று 2006இல் அவர்கள் எழுதியபோது உலகமே செவிசாய்த்தது. உயிரின் வித்து விண்வழியே பரவும் என்னும் கொள்கை புதிதன்று. ஸ்வீடன் நாட்டு அர்ரேனியஸ் 1903இலேயே அதனை எடுத்துரைத்தார். இலங்கையிற் பிறந்த சந்திரா விக்கிரமசிங்கவும் ஆங்கில வானியலறிஞர் ஃபிரெட் ஹாயிலும் அதனைப் பின்னர் வளர்த்தனர்.

ஆயினும் விடையின் பெரும்பகுதி முன்னரே கிடைத்திருந்தது. திருவனந்தபுரத்துப் புவியறிவியல் ஆய்வு மையமும், கல்லாறு அமைந்த அதே மாவட்டத்துப் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையமும் கூடி, 2001 நவம்பரில் ஓர் அறிக்கை அளித்தன. ஆய்வாளர் அத்துகள்களை வளர்த்துப் பார்த்தனர். அவை பாசியாக முளைத்தன. மரப்பட்டையிலும் பாறையிலும் செம்மஞ்சளாகப் படரும் டிரென்டிபோலியா என்னும் பாசியின் வித்துகளே அவை. 2015இல் வெளிவந்த மரபணு ஆய்வும் அப்பாசியையே சுட்டியது. ஐரோப்பாவில் அறியப்பட்டிருந்த இனம் அது என்றும் உரைத்தது. இத்துணை வித்துகள் ஒருங்கே மேகத்தை அடைந்த விதத்தை மட்டும் அறிக்கை தெளிவுறுத்தவில்லை.

விண்ணிலிருந்து வந்த விருந்தினர் என்று கருதப்பட்டவர், மண்ணுலகத்து உறவினராகவே முடிந்தனர். இதனால் தேடல் வீணாயிற்றென்று நாம் எண்ணலாகாது. ஐயத்தை எவரும் நகைத்து ஒதுக்கவில்லை, சோதனைக்கு உட்படுத்தினர். பிற கோள்களில் உயிரைத் தேடுவோர்க்கும் இதுவே நெறியாகும். ஒன்றை வானத்துப் பொருள் என்று துணியுமுன், அது நம் முற்றத்து மரத்தில் உண்டோ என்று முதற்கண் பார்த்தல் வேண்டும்.